ஏறிக்கொண்டே போன எண்

பானுமதி அரூரில் புளியும் சாமை அரிசியும் விற்கிறாள். அதற்கு வெப்சைட் செய்து கொடுத்தவன், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜமீர். எத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என அவள் கேட்டதால், அவளுடைய போட்டோவுக்குக் கீழே ஒரு கவுண்டரும் வைத்தான். யார் திறந்தாலும் எண் ஒன்று கூடும்.

பத்தே நாளில் எண் நானூற்றைத் தாண்டியது. ஆர்டர் கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. பானுமதி நேராகக் கடைக்குப் போனாள்.

"ஜமீரு, நெசத்தச் சொல்லு. நான் சந்தோசப்படட்டும்னு நீயே நம்பர ஏத்தி உடுறியா?"

ஜமீரின் முகம் சுருங்கிவிட்டது. "நான் அப்படிப்பட்ட ஆளு இல்லீங்கக்கா. எந்த போன்ல, எத்தன மணிக்குத் தொறக்கறாங்கன்னு குறிச்சு வெக்கறேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் இரண்டு நாள் கழித்துப் போனாள். ஜமீர் பட்டியலைக் காட்டினான். எண்பத்து மூன்று முறை திறந்திருக்கிறார்கள். அதில் எழுபத்தெட்டு ஒரே போனிலிருந்து. பக்கத்தில் போனின் மாடல் பெயர் இருந்தது. மஞ்சள் மண்டியில் வேலை பார்க்கும் தன் கணவன் முனிராஜுக்குப் பொங்கலுக்கு அவளே வாங்கிக் கொடுத்த மாடல் அது. அதே போன் ஊரில் எத்தனையோ பேரிடம் இருக்கும். ஆனால் நேரமெல்லாம் மண்டியில் டீ குடிக்கும் நேரம், சாப்பாட்டு நேரம்.

"மன்னிச்சுக்க ஜமீரு," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். முனிராஜ் எதற்காகப் பார்க்கிறான்? வாயைத் திறந்து ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "ஏங்க, நம்ம வெப்சைட்ட ஒரு நாளைக்கு நாப்பது தடவ எதுக்குப் பாக்கறீங்க?"

முனிராஜ் செருப்பைக் கழற்றுவதை நிறுத்தினான். "உன் போட்டோவ எத்தினி பேரு பாக்கறானுங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏறிக்கிட்டே இருக்குது. புளி வாங்கவா இத்தினி பேரு வர்றானுங்க? மொதல்ல அந்தப் போட்டோவ எடுத்துடு."

பானுமதி அவன் எதிரே வந்து நின்றாள். "உங்க போன எடுங்க. இப்பத் தொறங்க."

திறந்தான். ஐநூற்றுப் பன்னிரண்டு.

"மூடிட்டு மறுக்காத் தொறங்க."

ஐநூற்றுப் பதின்மூன்று.

மூன்றாவது முறை அவள் சொல்லாமலே திறந்தான். ஐநூற்றுப் பதினான்கு. அதற்குமேல் அவன் தலை நிமிரவில்லை.

"நீங்க பாத்துப் பாத்து ஏறுன நம்பருங்க இது. இதுக்கா என்மேல சந்தேகப்பட்டீங்க?"

அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

ஒரு போனை ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் எண்ணும்படி மறுநாள் ஜமீர் மாற்றினான். போட்டோவைப் பானுமதி எடுக்கவில்லை. அன்று வந்தவர்கள் ஆறு பேர்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய போன் அடித்தது. முனிராஜ்தான் எடுத்து வந்து கொடுத்தான். ஓசூரிலிருந்து ஒரு பெண், ஐந்து கிலோ புளி கேட்டாள். பெண் குரல்தான் என்று தெரியும்வரை நின்றுவிட்டு, அவன் வெளியே போனான். அதைப் பானுமதி கவனித்தாள்.