வெளியே தொங்கிய பூட்டு

ராயப்பராஜ் தன் பூட்டுப்பட்டறை முதலாளி சனாவுல்லாவுக்குக் கொடுக்க வேண்டிய கடன் நாற்பத்து மூன்று ரூபாய் ஆறணா. முக்கால்வாசி பிரசவத்துக்கு ஆனது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வாடகை, மருந்து, மாற்றுச் சேலை, பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டவும் தாய்க்குப் பத்தியச் சோறு பொங்கவும் நத்தத்திலிருந்து வந்த இஞ்ஞாசியம்மாளுக்குப் பதினைந்து நாள் கூலி. கடைசியாக ஏறியது ஒரு ரூபாய் பதினாலணா. அது ஒரு பூட்டின் விலை. அவன் கையாலேயே அரத்தால் ராவிப் பொருத்திய ஆறு லீவர் பூட்டு.

அது ஐம்பத்தாறாம் வருஷம், பங்குனி மாசம். பிள்ளை பெற்றவள் தாய்வீட்டில் மூன்று மாசமாவது கிடந்து உடம்பு தேறி வருவதுதான் வழக்கம். அமலராணிக்குத் தாய் இல்லை. அதனால் மேட்டுப்பட்டி வளவில், ஆறு குடித்தனம் ஒரே வாசலுக்குள் புழங்கும் இடத்தில், புருஷன் வீட்டிலேயே பிள்ளைப்பேறு ஆனது. கூலிக்கு வந்த இஞ்ஞாசியம்மாள் புளி உலுக்கும் வேலை வந்துவிட்டது என்று மூட்டையைக் கட்டினாள். இன்னும் கொஞ்சம் கூலி கூட்டித் தந்திருந்தால் இருந்திருப்பாள். ராயப்பராஜ் முதலாளியிடம் போய் நின்றான்.

"பழசு கழியட்டும்ப்பா, அப்புறம் பாப்போம்" என்றார் சனாவுல்லா.

இஞ்ஞாசியம்மாள் போன பிறகு அமலராணி தலை வாரவில்லை. பிள்ளை அழுதால் எடுத்தாள், பால் கொடுத்தாள், கீழே போட்டாள். ராத்திரியில் கண் மூடுவதே இல்லை. "என்னத்தா செய்யுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீக" என்பாள். குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது மாதிரி இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் சோற்றுக்கு வந்த ராயப்பராஜ் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஆள் இல்லை. வளவுக் கிணற்றடிக்கு ஓடினான். துவைக்கிற கல்லின் மேல், சுள்ளென்ற வெயிலில், இருபத்தாறு நாள் பிள்ளை வீறிட்டுக்கொண்டு கிடந்தது. அமலராணி கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அமலி!"

அவள் திரும்பினாள். "உள்ள சத்தமே இல்லீக" என்றாள்.

யாரிடம் சொல்வது? சின்ன வயசில் அவன் ஊர்ப் பெண் ஒருத்தி, பிள்ளை பெற்ற ஒரு மாசத்தில் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பேய் என்று சொல்லித் தூரத்தில் ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தூணோடு சங்கிலி போட்டார்கள். திரும்பி வரும்போது அவள் கணுக்காலில் எலும்பு தெரிந்தது. கூடப் போன பிள்ளை திரும்பி வரவே இல்லை. அமலராணியின் அண்ணன் ஸ்தனிஸ்லாஸ் காதில் விழுந்தால் அடுத்த வண்டியிலேயே அவளை அங்கே கொண்டுபோய்விடுவான். அவன் கெட்டவன் அல்ல. தங்கச்சி மேல் உயிராக இருப்பவன், அதனாலேயே கொண்டுபோவான்.

சொன்னால் சங்கிலி. சொல்லாவிட்டால் கிணறு.

பூட்டுத் தொழிலாளிக்கு என்ன தோன்றும்? அவனுக்கும் அதுதான் தோன்றியது. மறுநாள் காலையில் அரிவாள்மணையை எடுத்து மறைத்தான். கயிற்றை, சீமெண்ணெய்ப் புட்டியை, தீப்பெட்டியை எடுத்தான். அவள் தண்ணீருக்கென்று கிணற்றடிக்குப் போகக் கூடாது என்று தானே இறைத்து ஊற்றி வைத்தான். சோறு வைத்தான். தாயையும் பிள்ளையையும் உள்ளே விட்டு, முந்தின நாள் பட்டறையில் கணக்கில் எழுதி வாங்கிய பூட்டைப் போட்டுக் கதவை இழுத்துப் பூட்டினான்.

எதிர்வீட்டு நசீம் பானு வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்து இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள்.

"என்ன தம்பி, பூட்டிட்டுப் போறே?"

"பச்சை உடம்புக்கா. காத்துக் கருப்பு பட்டுறக் கூடாதுல்ல."

"காத்துக்கும் கருப்புக்கும் சாவி வேணுமாக்கும்!" என்று சிரித்தாள் அவள். அவன் சிரிக்கவில்லை.

நாலு நாள் அப்படி ஓடியது. பட்டறையில் அழகருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏலே ராயப்பா, பொண்டாட்டியப் பூட்டிப்பிட்டு வாரியாமே? எங்க வீட்டுக்கும் ஒண்ணு குடு. மாமியாருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். ராயப்பராஜ் அரத்தை எடுத்து ராவிக்கொண்டே இருந்தான். வீட்டில் தொங்கும் பூட்டுக்கு வேறு சாவி கிடையாது. கம்பி விட்டு ஆட்டினாலும் அசையாது. நாள் முழுக்க அந்த நினைப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்தான்.

ஐந்தாம் நாள் பத்து மணி இருக்கும். உலையில் பழுத்த பூட்டு வளையம் ஒன்றைக் குறட்டால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினான். சுர்ரென்றது. பிறகு சத்தம் அடங்கியது. அடியிலிருந்து ஒரு குமிழி, இன்னொரு குமிழி. அப்புறம் ஒன்றுமில்லை.

உள்ள சத்தமே இல்லீக.

குறடு கையிலிருந்து விழுந்தது. அண்டா. அவன் தானே இறைத்து, விளிம்பு தட்ட நிரப்பிய இடுப்புயர அண்டா. தினமும் காலையில் நிரப்பி, அதோடு சேர்த்துத்தான் அவளைப் பூட்டி வைக்கிறான். கிணற்றுக்குப் பயந்தவன் கிணற்றை மொண்டு வீட்டுக்குள் வைத்திருக்கிறான்.

"டேய், உலை எரியுதுடா!" என்று சனாவுல்லா கத்தியது முதுகுக்குப் பின்னால் கேட்டது. கால் மண்ணில் பட்டதா என்று அவனுக்குத் தெரியாது. வழியில் வண்டிமாடு மிரண்டது. யாரோ திட்டினார்கள். பிள்ளை அழுதுகொண்டிருக்க வேண்டும், அழுதுகொண்டிருக்க வேண்டும், மாதாவே, அது தொண்டை கிழிய அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று மூச்சுக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டு ஓடினான்.

வளவுக்குள் நுழைந்தான். அழுகைச் சத்தம் இல்லை.

இடுப்பைத் தடவினான். சாவி இல்லை. வேலைக்கு முன்னால் கழற்றி ஆணியில் மாட்டிய சட்டைப் பைக்குள் அது கிடந்தது, அரை மைல் தூரத்தில்.

பூட்டைப் பிடித்து ஆட்டினான். கல்லை எடுத்து அடித்தான். பூட்டில் கீறல்தான் விழுந்தது. எவ்வளவு அடித்தாலும் தாங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, தாங்கியது.

"அமலி! அமலி, பிள்ளைய எடுத்துக் காட்டு! சத்தங் குடு ஆத்தா!"

பதில் இல்லை. அப்போதுதான் அவன் வாயிலிருந்து அது வெளியே வந்தது, வளவு முழுக்கக் கேட்கும்படி. "அக்கா! ஓடியாங்க! பிள்ளைய என்னமும் செஞ்சிருவா அக்கா!"

நசீம் பானு பீடி முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே போய் உலக்கையோடு வந்தாள்.

"பூட்டையே பாக்குறியே, கதவைப் பாருப்பா. கீழ்க் குடுமி இத்துப்போய் ஆறு மாசமாச்சு. நெம்பு!"

கதவின் அடியில் உலக்கையைக் கொடுத்து இருவரும் நெம்பினார்கள். நிலையின் குழியிலிருந்து, கதவு சுழலும் குடுமி கழன்றது. பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு மறுபக்கம் சாய்ந்து வழிவிட்டது.

இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரம் ஆனது. அண்டா மூடியிருந்தது. மூடியின் மேல் அம்மிக்கல் இருந்தது, இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற கல். வீட்டின் ஒரு கோடியில் பழஞ்சேலைக்குள் பிள்ளை தூங்கியது. வயிறு ஏறி இறங்கியது. எதிர்க்கோடியில், சுவரோடு சுவராக ஒட்டி, தன் இரண்டு கைகளையும் முட்டிக்குக் கீழே போட்டு அழுத்திக்கொண்டு அமலராணி உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் போட்டா முழிச்சுக்கிரும்" என்றாள் மெதுவாக. "முழிச்சா அழுகும். அழுதா எங் கை அண்டாவுக்குப் போகுது. அதான் கல்லைத் தூக்கி வச்சேன். தெனம் நீங்க போனதும் வச்சுருவேன், வாரதுக்குள்ள எறக்கிருவேன்." அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க என்னையவும் பிள்ளையவும் ஒண்ணாப் பூட்டுறீக? வெளிய ஓடிப் போயி யாருகிட்டயாச்சும் பிள்ளையக் குடுத்துரலாம்னு பாத்தா, கதவு தெறக்க மாட்டேங்குது."



நசீம் பானு பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "கடைசியா எப்ப தூங்குனே தாயி?"

"தெரியல."

"எனக்கு ரெண்டாவது பிறந்தப்பவும் இப்படித்தான். அடுப்பப் பாத்தாப் பயம், படியப் பாத்தாப் பயம். எங்கம்மா பிள்ளையத் தூக்கிட்டா. நாப்பது நாளும் பாலுக்கு மட்டுந்தான் எங்கிட்ட வரும். நீயும் தூங்கு. பசிச்சா நாங் கொண்டாரேன், பக்கத்துல உக்காந்திருந்து திரும்பத் தூக்கிட்டுப் போறேன்."

"வெளிய சொல்லிராதீக அக்கா" என்றான் ராயப்பராஜ். "சங்கிலி போட்டுருவாக."

"நீ போட்டது என்னவாம்?"

அவன் சாய்ந்து கிடந்த கதவைப் பார்த்தான். "கூலி தர எங்கிட்ட..." என்று இழுத்தான்.

"போ. போயி மொதல்ல அந்த அண்டாவக் கவுத்து, எங்க வீட்டு வாசல்ல வை."

பயம் ஒரு நாளில் போகவில்லை. அமலராணி முதல் இரண்டு நாள் தூங்கினாள், பிறகு அழுதாள், பிறகு மறுபடியும் தூங்கினாள். நடுவில் ஒரு வாரம் பழையபடி கிணற்றுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் வளவுப் பெண்கள் முறைபோட்டு அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேய் என்று சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தவர்களை நசீம் பானு பார்த்த பார்வையே போதும். ஆடி பிறந்த பிறகு ஒருநாள், "அக்கா, பிள்ள ராத்திரிக்கு எங்கிட்ட இருக்கட்டும்" என்று அமலராணி தானே கேட்டு வாங்கினாள். அந்த ராத்திரி ராயப்பராஜ் தூங்கவில்லை.

பூட்டை அவன் திருப்பிக் கொடுக்கவில்லை. பரண் மேல், துணியில் சுற்றி வைத்திருந்தான். எப்போது வேண்டியிருக்குமோ என்று இருந்தது. சனிக்கிழமைதோறும் கூலியில் ஒரு ரூபாய் கழிந்தது. கழியக் கழிய, பூட்டின் விலை மட்டும் மிஞ்சியது.

மறு தை மாசம், விடிகாலை. வீட்டுக்குத் திரும்பி வந்திருந்த அண்டா நிறையத் தண்ணீர். அமலராணி பிள்ளையை அதன் விளிம்பில் உட்கார்த்தி, ஒரு கையால் இடுப்பை வளைத்துப் பிடித்து, மறுகையால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். ராயப்பராஜ் நிலைப்படியில் மூச்சை அடக்கி நின்றான். பிள்ளை தண்ணீரை அடித்தது. அவள் முகமெல்லாம் நனைந்தது.

"அடி போக்கிரி" என்றாள்.

அவன் பரண் மேல் கையை விட்டான்.

சனாவுல்லா பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியைப் போட்டுத் திருகினார். ஆறு லீவரும் சுத்தமாக எழும்பின. "மேலதான் கீறலு. நல்ல பூட்டாச்சேப்பா, ஏன் திருப்புறே?"

"எங்க வீட்டுக்கு ஆகல, முதலாளி."

அவர் நோட்டை எடுத்து, ஒரு ரூபாய் பதினாலணாவின் மேல் கோடு கிழித்தார்.