மீனின் கன்னத்தில் ஒரு பொட்டு

2009இல் அமெரிக்காவில் நாங்கள் இருந்த காப்பெலில், வேலை போய் வாராவாரம் ஏதாவது ஒரு தமிழ் வீட்டில் ஊருக்குப் பெட்டி கட்டினார்கள். என் கணவர் நஞ்சுண்டனின் வேலையும் ஊசலாடியது. பின்லாந்தில் ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு அவர் குழு வெப்சைட் செய்திருந்தது. அந்த ஊர்க்காரர்கள் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்தால் வேலை நிலைக்கும், பிடிக்காவிட்டால் விசாவும் போய்விடும்.

வெப்சைட்டில் இருக்கும் அந்த ஊர்ச் சின்னத்தை வரைந்தது நான். டிசைன் படித்தவள்தான், ஆனால் கணவரோடு வந்த எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாது. ஊர்க்காரர்கள் அனுப்பியது ஒரே வாக்கியம்: நீலக் கேடயத்தில் மூன்று வெள்ளி மீன்கள். கேடயச் சின்னத்துக்கான விதிகளின்படி நிழல் கூடாது, எழுத்து கூடாது, மூன்றாவது நிறம் கூடவே கூடாது. அதற்குள் நின்றால் செதிலும் வாலும் நம் இஷ்டம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஆபீஸில் எல்லாரும் பாராட்டினார்களாம்.

"நானே draw பண்ணினதுன்னு சொல்லிட்டேன் கலா. எப்படியும் அதுல பேர் எழுதக் கூடாதே!" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மதியம் போன் அடித்தது.

"கலா, ஸ்பீக்கர்ல இருக்க. நடு மீன் கன்னத்துல எதுக்கு கறுப்பு டாட்னு கவுன்சில் மேடம் கேக்கறாங்க. வரைஞ்சது நீதான்னு சொல்லிட்டேன்."

டாட்டா? லேப்டாப்பைத் திறந்தேன். மீனின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு! கார் வாங்கிய அன்றே பம்பரில் மை தடவியவர் இவர். பாராட்டைக் கேட்டதும் கண் பட்டுவிடும் என்று பயந்து வைத்திருக்கிறார்.

அந்த ஆபீஸில் என் பெயர் முதல்முறையாகக் கேட்கிறது, அதுவும் நான் செய்யாத தப்புக்கு. ஆமாம் என்றால் அவர் தப்பிப்பார். இல்லை என்றால் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

"மீன்கள் என்னுடையவை," என்றேன் ஆங்கிலத்தில். "பொட்டு என் கணவர் வைத்தது. அழகான பொருளுக்குக் கண் படாமல் இருக்க எங்கள் ஊரில் வைப்பார்கள்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"பொட்டை எடுத்துவிடுங்கள்," என்றது ஒரு பெண்குரல். "மீன்களைத் தொடாதீர்கள்."

சாயங்காலம் அவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"வேலை confirm. பக்கத்து ஊர் சின்னமும் redraw பண்ணணுமாம். உன்னையத்தான் கேட்டாங்க. எச்-4, வேலை பண்ண முடியாதுன்னேன். அப்ப நீங்க பண்ணுங்கன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்."

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

"வரைங்க."