முன்படி வழியாக

பின்படிக்கட்டின் திருப்பத்தில் அளவுநாடாவை இழுத்துப் பிடித்தாள் மகள். இரண்டடி மூன்றங்குலம். ஸ்ட்ரெச்சர் படுத்த வாக்கில் திரும்பாது. அப்பாவைக் கட்டி, நிமிர்த்தித்தான் இறக்க வேண்டும்.

"நிமிர்த்தியே இறக்கிடலாம்க்கா," என்றான் தம்பி. "டைனிங்ல ஆள் உக்காந்தாச்சு. எவனாவது போட்டோ எடுத்துப் போட்டான்னா நம்ம ஓட்டல் கதை முடிஞ்சுது."

ஒன்பதே அறைகள் கொண்ட ஓட்டல். அகலமாக வளைந்த முன்படிக்கட்டு நேராகச் சாப்பாட்டுக் கூடத்தில் இறங்கும். அதைப் படமெடுக்கவே ஆட்கள் வருவார்கள். காலியாகும் ஒவ்வொரு அறையிலும் அப்பா ஒரு ராத்திரி படுத்துப் பார்ப்பார், குழாய் சொட்டுகிறதா, கட்டில் கிரீச்சிடுகிறதா என்று. நேற்று மாடியில் ஐந்தாம் எண். விடிந்ததும் அம்மா காபியோடு போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்கு அதே அறைக்குப் புதுத் தம்பதி வருகிறார்கள்.

வரவேற்பு மேஜையில் போன் அடித்தது. ஓடினாள்.

"ஆறாம் நம்பர்லேருந்து பேசறேன். பக்கத்து ரூம்ல யாரோ அழுதுட்டே இருக்காங்க. தூங்க முடியல. கொஞ்சம் சொல்லுங்களேன்."

"மன்னிச்சுக்குங்க சார். உடனே பாக்கறேன்."

பழகின வாய். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டது.

இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்குப் போனாள். அம்மா குளியல் துண்டை வாயில் அழுத்தி அழுதுகொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் நிறுத்தினாள்.

"வெளில கேக்குதாடி?"

"இல்லம்மா. நீ அழு." துண்டை உருவி எடுத்தாள்.

கீழே வந்து சாப்பாட்டுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். நான்கு மேஜைகளும் திரும்பிப் பார்த்தன.

"எங்கப்பா காலைல தவறிட்டார். இது அவர் ஓட்டல். இப்ப இந்தப் படி வழியா இறங்கப் போறார். ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்குங்க."

"பைத்தியமாக்கா உனக்கு?" என்று பல்லைக் கடித்தான் தம்பி.

"கட்டித் தூக்க அவர் என்ன பீரோவாடா? தலைமாட்டை நீ பிடி."

அவன் கூடத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு படியேறினான்.

மெதுவாக இறக்கினார்கள். பின்னால் அம்மா வாய்விட்டு அழுதபடி வந்தாள். கூடத்தில் நாற்காலிகள் உராயும் ஓசை கேட்டது. ஜன்னலோர மேஜைக்காரர் ரொட்டியைக் கடித்த கையோடு எழுந்துவிட்டிருந்தார். மெல்லவுமில்லை, விழுங்கவுமில்லை. ஒரு பக்கக் கன்னம் உப்பியபடி, வெளியே ஆம்புலன்ஸ் கதவு சாத்தப்படும்வரை அப்படியே நின்றார்.