அண்ணன் போட்ட அரை இஞ்ச்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். இப்படி ஒரு அண்ணனும் தம்பியும் வாய்த்தால் யாருக்குத்தான் வராது? பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் பூச்செடி வளர்த்து விற்கிறவர்கள், இரண்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சாயங்காலம் தரகர் வாங்குகிற ஆளைக் கூட்டி வருகிறார், தோட்டத்தை விற்றுவிட்டு வெளியூர் போகிறோம் என்று தம்பி மனைவி போனில் அழுதாள். நான் வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்தில் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

சண்டை தண்ணீருக்கு. தொட்டி இருவருக்கும் பொது. பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு இரண்டு பங்கு நிலம், தம்பிக்கு ஒரு பங்கு; தண்ணீரும் அதே கணக்கில் என்று பேச்சு. அண்ணனே தனக்கு ஒரு இஞ்ச் குழாயும் தம்பிக்கு அரை இஞ்ச் குழாயும் பொருத்தினான். தம்பியின் செடிகள் மட்டும் வாடிக்கொண்டே வந்தன.

“என் வால்வைத் திருகி வைக்கிறான்க்கா. கூடப் பிறந்தவனே இப்படிப் பண்ணா நான் எங்க போய் முட்டிக்க?” என்றான் தம்பி.

“நான் தொட்டதே இல்ல. என்னைத் திருடன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்,” என்றான் அண்ணன்.

“ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க.”

தொட்டியருகே இரண்டு குழாயின் இணைப்பையும் கழற்றி, வால்வுகளை முழுக்கத் திறந்தேன். ஒரே உயரத்தில் படுக்கையாகக் கிடந்த குழாய்கள். இரண்டிலிருந்தும் தண்ணீர் பாய்ந்து ஒரே தூரத்தில் விழுந்தது. அப்படியென்றால் வேகம் ஒன்றுதான். அடியில் வாளி வைத்தேன். தம்பியின் குழாய் ஒரு வாளி நிரப்புவதற்குள் அண்ணனுடையது நாலு வாளி நிரப்பிவிட்டது. அண்ணன் திகைத்துப் போய் நின்றான்.

“தினமும் உனக்கு வர்றது இதைவிடக் கம்மியா?” என்று தம்பியைக் கேட்டேன்.

“இல்லக்கா. இதே அளவுதான்.”

“வால்வு முழுசாத் திறந்திருக்குடா, மடையா. அப்ப யாரு மூடினா?”

தம்பி குனிந்து தன் வால்வைப் பார்த்தான். அண்ணன்தான் மெல்லக் கேட்டான். “ஒண்ணுல பாதி அரைதானே?”

“வாயைக் குறுக்க அளந்தா பாதிண்ணே. தண்ணி வர்றது குழாயோட வாய்ப்பரப்பு வழியா. பரப்பை வேகத்தால பெருக்கினாத்தான் எவ்வளவு வருதுன்னு தெரியும். நீ குறுக்களவைப் பாதியாக்கிட்ட. அகலமும் பாதி, உயரமும் பாதி. பாதியில பாதி. உன்னோடதுல கால்வாசிதான் அவனுக்குப் போகுது.”

அண்ணன் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நியாயமாகப் பிரித்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, ஒரு இஞ்ச் குழாயும் ரம்பமும் எடுத்து வந்து தம்பியின் குழாயை அறுக்க ஆரம்பித்தான்.

“முக்கால் இஞ்ச் போட்டா கணக்குக் கிட்டத்தட்டச் சரியா வரும்ணே,” என்றேன்.

“உன் கணக்கு போதும்மா. அவனுக்கு ஒரு இஞ்ச்தான்.”

தம்பி தள்ளிப் போய்த் தரகருக்குப் போன் பண்ணி, வர வேண்டாம் என்றான். திரும்பி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“செடி காஞ்சதுக்காக விக்கக் கிளம்பலண்ணே. நீதான் வால்வை மூடுறேன்னு நெனச்சுக்கிட்டு உன் பக்கத்துலயே இருக்க முடியல.”

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பான்.

“குழாயைப் பிடிடா,” என்றான். “ஆடுது.”