சிவராஜ் நேற்று எங்கும் போகவில்லை

1

"குடிச்சிருக்கான்."

"குடிக்கல அண்ணி."

"நிக்க முடியாம கதவப் புடிச்சினு ஆட்றான், குடிக்கலயாம்! எனக்கு இன்னா கண்ணு பொட்டையா?"

"வாய மோந்து பாத்துட்டன். வாசனையே—"

"இப்பல்லாம் வாசன வராத சரக்கு விக்கறானுங்க. அத்திபள்ளியில பாக்கெட்டு போட்டு—"

"சொல்ல வந்தத சொல்லி முடிச்சிக்கறன் அண்ணி—"

"நீ சொன்னது போதும். கயிறு கட்டுன கையால கிளாசத் தொட்டிருக்கான். ஆத்தா காலப் புடிச்சிட்டா."

கதவைப் பிடித்து நின்றவன் சிவராஜ். ஓசூரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஒப்பந்தத் தொழிலாளி. வாசனையே இல்லை என்றவள் அவன் மனைவி மோகனப்ரியா. சிங்காரப்பேட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்திக்கொண்டிருப்பவள் அவன் அக்கா செல்லி. இடம், மத்திகிரியில் ஒற்றைக் கதவு வைத்த வாடகை வீடு.

கதை எங்கே கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். மத்திகிரியிலிருந்து ஓசூர் போகிற ஷேர் ஆட்டோவில் என் முழங்காலோடு முழங்கால் இடிக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனில், "வாய மோந்து பாத்துட்டன் அண்ணி, வாசனையே இல்ல. ஆனா ஆட்றாரு" என்றாள். பால்பண்ணை தாண்டியதும் இறங்கிப் போய்விட்டாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். எனக்குக் கதை முதலில் குரலாகத்தான் வரும், முகமெல்லாம் பிறகு. போனின் அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, காய் நறுக்க உட்கார்ந்தபோது அந்தக் குரலை நானே போட்டேன். அதற்குச் செல்லி என்று பெயர் வைத்தேன்.

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

[சிவராஜின் கண்கள் தொட்டி மீன்களைப் போல— வேண்டாம். கண் கண்ணாகவே இருக்கட்டும்.]

[மோகனப்ரியா நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவள். அதனால் அவளுக்கு உடனே— இதுவும் வேண்டாம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தால் கதையில் பயம் எங்கிருந்து வரும்? அவள் துணி ஏற்றுமதிக் கம்பெனியில் காஜா போடுகிறவள். அவளுக்குத் தெரிந்தது அவள் மூக்குக்குத் தெரிந்ததுதான்.]

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

சிவராஜ் பல வருஷக் குடிகாரன். சண்டை போடுகிற குடி இல்லை, சாப்பிடாத குடி. ஷிப்டு முடிந்து வழியில் ஊற்றிக்கொண்டு வந்தால் பசியே இருக்காது. கொடுத்தனுப்பிய டப்பா கொடுத்தனுப்பியபடியே வரும். வீட்டுக்காரம்மா ரங்கம்மா கன்னடக்காரி. வாசலில் அவனைப் பார்க்கும்போதெல்லாம் "ஊட்டா ஆய்த்தா?" என்று கேட்பாள், சாப்பிட்டாயா என்று. "ஆய்த்து ரங்கம்மா, ஆய்த்து" என்பான். சட்டை மட்டும் உடம்பில் பெரிதாகிக்கொண்டே போனது.

செல்லிதான் அவனை இழுத்துப்போய், ஊர்ப்பக்கத்து அம்மன் கோயிலில் கயிறு கட்டவைத்தாள். குடியை விடுவதற்கு எங்கள் பக்கம் இது ஒரு வழி. பூசாரி கையில் மஞ்சள் கயிறு கட்டுவார். அது கையில் இருக்கிறவரை சரக்கைத் தொடக் கூடாது. தொட்டால் ஆத்தா கண்ணைப் பிடுங்குவாள், காலை முடக்குவாள். நிஜமாகவே நிறுத்தியவர்கள் நிறையப் பேர் உண்டு. சிவராஜும் நிறுத்தினான். நிறுத்தியதும் உடம்பு உதறியது. குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. மோகனா அவனை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போய், "சோந்து போயிட்டாரு சார், ஒரு பாட்லு ஏத்துங்க" என்று கேட்டு குளுக்கோஸ் ஏற்றி அழைத்து வந்தாள். நாம் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம். அசதி என்றால் ஒரு பாட்டில், தலைசுற்றல் என்றால் ஒரு பாட்டில்.

அதற்கு மறுநாள், மோகனா வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோதுதான் இந்த ஆட்டம். அன்று இரவே செல்லிக்குப் போன் போட்டாள். கால் அகட்டி நடந்தான். சுவரைத் தேடினான். கண் ஓரிடத்தில் நிற்காமல் துடித்தது. கேட்டதையே கேட்டான்.

கண்ணும் காலும். ஆத்தா சொல்லிவைத்த அதே இரண்டு.

3*

*அடிக்குறிப்பாகப் போட நினைத்தது. யாரும் அடிக்குறிப்பைப் படிப்பதில்லை, அதனால் நடுவிலேயே வைக்கிறேன்.

தயமின் என்று ஒரு சத்து. கேழ்வரகிலும் பயறிலும் இருக்கிறது, விலையுயர்ந்த சரக்கு ஒன்றும் இல்லை. சாப்பிடாமல் குடிக்கிற உடம்பில் அது வற்றிப்போகும். சர்க்கரையை எரிக்க மூளைக்கு அது வேண்டும். வற்றிய உடம்பில் அந்தச் சத்தை ஏற்றாமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சம் மீதி இருந்ததும் அதை எரிப்பதிலேயே தீர்ந்துவிடலாம். அப்போது கண் ஆடும், கால் தடுமாறும், புத்தி குழம்பும். வெர்னிக்கி என்று ஒரு டாக்டர் பெயரைச் சொல்கிறார்கள். குடித்தவனைப் போலவே இருப்பான், குடித்திருக்க மாட்டான். அந்தச் சத்தை ஊசியில் உடனே கொடுத்தால் மீள வாய்ப்பு உண்டு. தாமதித்தால் ஞாபகம் போகும், திரும்பி வராமலும் போகலாம். கோர்சகாஃப் என்பது அதற்குப் பெயர். எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இது எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். மோகனாவுக்குத் தெரியாது. நாம் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறோம், உள்ளே கத்த முடியாது.

4

செல்லி வேன் சொல்லிவிட்டு வந்திருந்தாள். கோயிலில் கொண்டுபோய்க் கிடத்துவது, பூசாரி சொல்கிறவரை மஞ்சள் தண்ணீர் மட்டும் கொடுத்து விரதம் இருக்கவைப்பது, ஆத்தாளிடம் மன்னிப்புக் கேட்பது. இதுதான் அவள் யோசனை.

இந்த இடத்தில் எனக்குச் செல்லி மேல் சந்தேகம் வந்தது. ரொம்பவும் கெட்டவளாகப் போய்க்கொண்டிருந்தாள். எழுதியதை அடித்துவிட்டு அவளைத் திரும்பக் கேட்டேன். அவள் குரல் கத்தலுக்கு நடுவே உடைந்து உடைந்து வந்தது. தாலியறுத்து வீட்டுக்கு வந்தவளுக்கு இந்த ஒரு தம்பிதான். கயிறு கட்டும்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் அவள்தான். அவளுக்கு ஆத்தா மேல் கோபம் வரவில்லை, பயம் வருகிறது. பயந்தவள் கத்துகிறாள்.

"அண்ணி, நேத்து நான் வேலைக்குப் போறப்ப வெளிய பூட்டு போட்டுட்டுத்தான் போனன். வந்து தொறக்கறப்பவும் பூட்டு அப்பிடியேதான் இருந்திச்சி. எப்பிடிப் போயிருப்பாரு?"

"அவனையே கேட்டுடலாம்." செல்லி தம்பியின் முன்னால் குந்தினாள். "சாமி, அக்காகிட்ட பொய் சொல்லாத. நேத்து குடிக்க ஜூஜுவாடிக்குத்தான போன?"

சிவராஜ் அக்காவைப் பார்த்தான். பார்வை வழுக்கி வழுக்கித் திரும்பி வந்தது. "ஆமாக்கா. ஜூஜுவாடி. செக்போஸ்ட்டாண்ட."

"யாருகூட?"

"திருமலைகூட. அவன்தான் வாங்கிக் குடுத்தான். முட்ட போண்டா துன்னோம். ஒரே சூடு, நாக்கு வெந்துபோச்சி."

செல்லி எழுந்தாள். "கேட்டுக்கினியா? அவன் வாயாலயே சொல்லிட்டான்."

மோகனா கதவில் தொங்கிய பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவனோடு முன்பு குடித்துக்கொண்டிருந்த திருமலை துபாய்க்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. பூட்டு பூட்டியபடி இருந்தது. ஆனால் நாக்கு வெந்ததைக்கூடச் சொல்கிறானே!

(இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அவன் பொய் சொல்லவில்லை. நேற்று இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு ஒன்றுமே இல்லை. கேட்கிறவர் அங்கே எதை வைக்கிறாரோ அதை எடுத்து, போண்டாவும் சூடும் சேர்த்து முழுசாக்கித் தருகிறான். ஆட்டோவில் கேட்ட ஒற்றை வாக்கியத்துக்கு நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். எனக்கு இது கற்பனை என்று தெரியும். அவனுக்குத் தெரியாது. அந்த ஒரு வித்தியாசம்தான் என்று நினைக்கும்போது பேனாவைக் கீழே வைக்கத் தோன்றுகிறது. ஆனால் வேன் வந்துகொண்டிருக்கிறது.)

மோகனா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதற்கு அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"மாமா, நேத்து நாம மூணு பேரும் மைசூரு போனமே, நெனப்பு இருக்குதா?"

"ஏன் இல்லாம? அக்காதான் யானையப் பாத்துப் பயந்துகிச்சி."

செல்லி திரும்பினாள். "எந்த யானடா? நான் எப்படா மைசூரு பாத்தன்?"

"செவப்புச் சேல கட்டினு வந்த இல்ல? நல்லா இருந்திச்சிக்கா."

செல்லி சிவப்புச் சேலை கட்டிப் பதினைந்து வருஷம் இருக்கும். வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வேன் ஹாரன் அடித்தது. "போவச் சொல்லு," என்றாள் பொத்திய கைக்குள்ளிருந்து. "மோகனா, அவன போவச் சொல்லு. ஆசுபத்திரிக்குப் போலாம். என் தம்பிக்கு மண்டைக்குள்ள என்னமோ ஆயிப்போச்சி."

5

இங்கே முடித்திருக்கலாம். முதல் பிரதியில் முடித்தும்விட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், முற்றும். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் அவர்கள் பேசியது கேட்டது.

ரங்கம்மாதான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். ஏறும்போது மோகனாவின் காதில் சொன்னாள். "குடின்னு மட்டும் வாயத் தொறக்கபேடா. குடிகாரன்னு கேட்டா ஓரமா படுக்கப் போட்டு, தெளியட்டும்னு உட்டுடுவாரு. பேகா ஹோகு, சீக்கிரம் போ."

"அதுவும் நிசந்தான்," என்றாள் செல்லி. "இப்பதான் நிறுத்திட்டானே. பழசு எதுக்கு? ஊசி போட்ற எடத்துல மானத்த வாங்காத, இன்னா?"

"வாசன இல்லன்னுதான அண்ணி காலையில இருந்து நானும் கத்தறன்."

"அதத்தான் சொல்றன். குடிக்கலன்னா குடிக்கலதான். ஒரே வார்த்தையா நிப்போம்."

காலையிலிருந்து மோகனா எந்தச் சொல்லுக்காகத் தொண்டை கிழியக் கத்தினாளோ, அந்தச் சொல்லை இப்போது நாத்தனாரும் பிடித்துக்கொண்டாள். மோகனா ஜெயித்துவிட்டாள். சிவராஜ் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, "ஷிப்டுக்கு லேட்டாவுது" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

6

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் மோகனா டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஊசி போடுகிறார்கள். ஒன்றிரண்டு நாளில் கண் நிற்கிறது, கால் மெல்ல மெல்ல. வீட்டுக்கு வந்து, களியை உருட்டி விழுங்கி, [உறைக்கிறது என்று அவன் முதல்முறையாக—] நன்றாகத்தான் வந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக வந்தது.

இன்னொன்றில் சொல்லவில்லை. அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடம் தான் போகாத ஊர்களையெல்லாம் சொல்கிறான். மோகனாவிடமும் சொல்கிறான், வழியில் பார்த்த யாரோ ஒருத்தியிடம் சொல்கிற மாதிரி. [ஒரு நாள் அவள் அவனிடம், நமக்குக் கல்யாணம் ஆனது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டதற்கு அவன்— இதை முடிக்க என்னால் ஆகவில்லை.]

இரண்டையும் கிழிக்கவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று எத்தனை தடவை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தும் கேட்கவில்லை. நானாக ஒரு குரல் போடலாம். செல்லிக்குப் போட்டேனே. இதற்கு மட்டும் போட மாட்டேன். கேட்டதுவரை எழுதிவிட்டு எழுந்துகொள்கிறேன். மிச்சத்தை நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் சின்ன வயசு டாக்டரம்மா. சிவராஜின் கண்ணில் டார்ச் அடித்தாள். விரலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைத்து, பார் என்றாள். பின்னால் நர்ஸ் குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்டிவிட்டு, ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டிருந்தாள்.

"நேத்து எங்கப்பா இருந்தீங்க?"

"டூட்டியில மேடம். இப்பதான் வரன்."

டாக்டர் நிமிர்ந்தாள். "கூட வந்தது யாரு? இவரு குடிப்பாரா?"

"அய்யய்ய," என்று செல்லி முன்னால் வந்தாள். "எங்க வம்சத்துலயே அந்தப் பழக்கம் கெடையாதுங்க. வேணும்னா வாய மோந்து பாருங்க."

டாக்டர் மோந்து பார்த்தாள். வாசனை இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏதோ எழுதப் போனவள் கையை நிறுத்தினாள். சட்டைக்குள் ஒட்டிக் கிடந்த அவன் விலா எலும்புகளைப் பார்த்தாள். அப்புறம் செல்லியைத் தாண்டி மோகனாவைப் பார்த்தாள். செல்லியின் கை பின்னால் வந்து மோகனாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. நர்ஸுக்கு நரம்பு கிடைத்துவிட்டது.

"நீங்க சொல்லுங்கம்மா. வீட்ல கூடவே இருக்கறது நீங்கதான? இத்தன வருசத்துல உங்க வீட்டுக்காரரு குடிச்சதே இல்லயா?"