ஒரு நூல் இடப்பக்கம்

சனிக்கிழமை காலை அந்த வண்டி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவன் பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

அடர் நீலம், கூரை மட்டும் கறுப்பு. ஐந்து கதவு வைத்த சின்ன வண்டிதான். காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் ஊரே ஓட்டுகிற அதே உடம்பு. ஆனால் இதில் சக்கரங்களுக்கு மேலே தகடு இரண்டு பக்கமும் தோள் மாதிரிப் புடைத்திருக்கும். மூக்கு முழுக்கத் தேன்கூட்டு வலை. சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே சிவப்பு பிரேக் தெரியும். பின்கண்ணாடிக்கு மேலே ஸ்பாய்லர், கீழே நட்டநடுவில் மூன்று சைலன்சர் குழாய்கள். இதையெல்லாம் நான் புதிதாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. இதே வண்டியின் படம், இதே நிறத்தில், ஒர்க்‌ஷாப்பில் என் சாமான் அலமாரிக் கதவின் உள்பக்கம் இரண்டு வருடமாக ஒட்டியிருக்கிறது.

வண்டியிலிருந்து இறங்கியவன் என் சகலை, மனைவியின் தங்கை புருஷன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வேகம் நாற்பதைத் தாண்டினால் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுகிற ஆள். பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் என்று பங்கில் இறங்கித் தேடுகிற ஆள். அவனுக்கு இந்த வண்டி! எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

"ஒரு வருஷம் ஓடின வண்டிண்ணா," என்றான், வாயெல்லாம் பல்லாக. "ஏழு நாளைக்குள்ள பெரிய குறை எதுவும் இருந்தா திருப்பி எடுத்துக்கறோம்னு ஷோரூம்ல எழுதியே குடுத்திருக்காங்க. இன்னைக்கு ஆறாவது நாள். நீங்க ஓட்டிப் பாத்து வெச்சுக்கோன்னு சொன்னா வெச்சுக்கறேன்."

"ஆறு நாளா எங்க போயிருந்தே?"

"கொஞ்சம் ஓட்டிப் பழகிட்டு வரலாம்னு. உங்க முன்னாடி வண்டி ஆஃப் ஆயிடுச்சுன்னா மானம் போயிடும்ல?"

எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் நான் தலையாட்டிய பிறகுதான் வாங்குவார்கள். பதினாறு வருடமாக வீல் அலைன்மெண்ட் பார்க்கிறேன். வண்டி நேராகப் போகிறதா, கோணலாகப் போகிறதா என்று சொல்வதுதான் என் பிழைப்பு. மாமனார் வீட்டில் எனக்கென்று இருக்கிற மரியாதை அது ஒன்றுதான். மற்றதற்கெல்லாம் அவர்கள் இந்தக் கண்ணாடிக்காரனைத்தான் கேட்பார்கள்.

சாவியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இருக்கை இரண்டு விலாவையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கியர் கம்பியின் தலையில் உருண்டையாக ஒரு உலோகக் குமிழ் சில்லென்று இருந்தது. ஊரைத் தாண்டியதும் இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தேன். டர்போ ஒரு நொடி மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். சகலையின் பின்மண்டை இருக்கையில் போய் மோதியது. "அண்ணா!" என்றான். மூன்றாவது கியருக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்ததும் பின்னால் குழாய்கள் படபடவென்று பொரிந்தன. ரவுண்டானாவில் வேகத்தைக் குறைக்காமல் திருப்பினேன். சாதாரண வண்டி என்றால் மூக்கு வெளிப்பக்கமாக ஓடிவிடும். இது மிதிக்க மிதிக்க வளைவுக்கு உள்ளே இழுத்துக்கொண்டு போனது. என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

"எனக்கு ஒரு நாளும் இப்படிப் போனதில்லையே," என்றான் அவன், கதவுக் கைப்பிடியை விடாமல்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது. எப்படிப் போகும்? இவன் ஓட்டப்போவது கடைக்கும் வீட்டுக்கும். இப்பேர்ப்பட்ட வண்டி அவன் வாசலில் தூசி படிந்து நிற்கும். நானோ, கண்டவன் வண்டிக்கு அடியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

திரும்பி வரும்போது நேர் சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர விட்டுப் பார்த்தேன். வண்டி ஒரு நூல் இடப்பக்கம் ஒதுங்கியது. மறுபடி நேராக்கிவிட்டுப் பார்த்தேன். மறுபடியும் ஒரு நூல். அது என்னவென்று எனக்குத் தெரியும். எங்கோ பள்ளத்தில் இறங்கி முன்சக்கரத்தின் கோணம் லேசாக மாறியிருக்கிறது. அரை மணி நேர வேலை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டேன்.

"இடப்பக்கம் இழுக்குது."

"பெரிய குறையாண்ணா?"

"அடிபட்ட வண்டி. சேஸிஸ், அடிச்சட்டமே வளைஞ்சிருக்கு. திருப்பிக் குடுத்துடு."

அவன் முகம் தொங்கிப்போனது. சிவப்புத் தையல் போட்ட இருக்கையை ஒருமுறை தடவினான். "எதுக்கும் உங்க மிஷின்ல வெச்சு ஒருவாட்டி பாத்துடலாமா?"

"என் கைக்குத் தெரியாததா மிஷினுக்குத் தெரியப்போகுது? குடும்பத்தோட போற வண்டி. அப்புறம் உன் இஷ்டம்."

குடும்பத்தைச் சேர்த்தேன் பாருங்கள், அங்கேதான் அவன் சாய்ந்தான். மத்தியானமே கொண்டுபோய்க் குறை எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு நான் இரண்டு மடங்கு சாப்பிட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "நெஜமாவே வளைஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

"பின்ன என்ன, பொய்யா சொல்றேன்?"

"சும்மா கேட்டேன்," என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தால் என் லிஃப்டின் மேல் அந்த நீல வண்டி நிற்கிறது.

"ஷோரூம்லேர்ந்து அனுப்பியிருக்காங்க," என்றார் முதலாளி. "வாங்கினவரு சேஸிஸ் வளைஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்திருக்காரு. வளைஞ்சிருந்தா அவங்க எடுத்துக்குவாங்க. இல்லைன்னா அவரே ஓட்டிட்டுப் போகணும். எவனோ அரைவேக்காட்டு மெக்கானிக் கெளப்பிவிட்டிருக்கான். அளந்து எழுதிக் குடு."

அளந்தேன். அடிப்பக்கம் பன்னிரண்டு இடத்தில் அளவு எடுக்க வேண்டும், பன்னிரண்டும் திரையில் பச்சையாக வந்தன. இடது முன்சக்கரம் மட்டும் சிவப்பு. 'வளைந்திருக்கிறது' என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். சகலைக்கு நான் கடவுள் ஆகிவிடுவேன், அந்த வண்டியும் அவன் வாசலுக்குப் போகாது. மனசு ஒப்பவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணத்தைச் சரிசெய்து, 'சேஸிஸில் குறை இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

"அவருக்கு ஃபோன் பண்ணியாச்சு, வந்துட்டிருக்காரு," என்றார் முதலாளி. "நீயே விளக்கிச் சொல்லிடு."

டாய்லெட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவன் வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னவோ சொல்ல வாயெடுத்தான். முதலாளி முந்திக்கொண்டு தாளைக் கையில் திணித்தார்.

"சட்டத்துல ஒரு கோணல் கெடையாதுங்க. முன்சக்கரம் லேசா மாறியிருந்துச்சு, அதையும் சரி பண்ணியாச்சு. அளந்தது இவருதான். இவரு சொன்னா மறுபேச்சே இல்லை."

சகலை மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைக் கிட்டத்தில் வைத்து மேலிருந்து கீழ்வரை வாசித்தான். கையெழுத்துக்கு வந்ததும் நின்றான். அந்த நேரத்திலும் என் கேடுகெட்ட கண் அவன் தோளைத் தாண்டி வண்டியின் மேல்தான் மேய்ந்தது. நன்றாகத் துடைத்திருந்தார்கள். பளபளவென்று இருந்தது.

"சேஸிஸ் வளைஞ்சிருக்குன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்று முதலாளி சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதினாறு வருடப் பெயர் அந்த இடத்திலேயே நாறிவிடும். நான்தான் சொன்னேன் என்று நானே சொல்லியிருக்கலாம். குனிந்து சாவியைத் துணியால் துடைத்தேன்.

அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். "யாரோ வழியில பாத்தவரு சொன்னாரு," என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான். நான் சாவியை வைத்தேன்.

"நல்ல வண்டிதானே?"

"ரொம்ப நல்ல வண்டி," என்றேன்.

"தேங்க்ஸ் சார்."

கல்யாணமான நாளிலிருந்து என்னை அண்ணா என்று தவிர வேறு எப்படியும் கூப்பிடாதவன். வண்டியில் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

"மரியாதை தெரிஞ்ச மனுஷன்," என்றார் முதலாளி.