முடிந்தால் தனித்தனியாக

வெள்ளிக்கிழமை தோறும் காலையில் சுதர்ஷினியின் குரல் கீழ்கணக்கு லயத்தின் எல்லாப் போன்களிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். "இது சோதனை அழைப்பு. மண்சரிவு அபாயம் இருந்தால் இதே எண்ணிலிருந்து அழைப்பு வரும். வந்தவுடன் மேல்கணக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்."

கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. தெரணியகலைக்கு மேலே உள்ள தோட்டங்களில் மழைமானிகளை நட்டு, மழை அளவு கடந்தால் லயத்து ஆட்களுக்குத் தானாகவே போன் போடும் சேவையை அந்த நிறுவனம் நடத்தியது. தமிழில் பேசிப் பதிவு செய்ய ஆள் தேடியபோது அவளே பேசிக் கொடுத்தாள். அவள் பிறந்ததும் அந்த லயத்தில், தோட்டத்தின் கீழ்ப் பிரிவிலிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளில்தான். அண்ணன் சுரேந்திரன் குடும்பத்தோடு இன்னும் அங்கேதான் இருந்தான்.

"வாரத்துக்கு ஒருக்கா எனக்கு உத்தரவு போடுறதுக்குன்னே ஒரு நாத்தனா" என்பாள் அண்ணி விஜயகலா. "மாமியா இருந்திருந்தாக்கூட இவ்ளோ அதிகாரம் பண்ணியிருக்காது."

அந்த லயத்தில் அடைமழைக்கென்று பழைய ஏற்பாடு ஒன்று இருந்தது. மழை விடாமல் பிடித்துக்கொண்டால் எந்தக் குடும்பமும் முழுதாக ஒரே கூரைக்குள் இருக்காது. ஒரு பிள்ளை வீட்டில், இன்னொன்று சந்தியில் தெரிந்தவர் வீட்டில். ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 'போய் டிவி பாத்துட்டு வா' என்றுதான் அனுப்புவார்கள். த்ரீவீல் ஓட்டும் சுரேந்திரன் தன் மகன் தனுஷனைச் சந்தியில் கபூர் கடைக்குப் பின்னால் உள்ள வீட்டில், கபூரின் மனைவி றுகையாவிடம் விட்டுவிட்டு வருவான். சின்னவள் மிதுஷா தாயோடு இருப்பாள்.

போன தீபாவளிக்கு வந்தபோது சுதர்ஷினி தன் போனில் இரண்டு பச்சை விளக்குகளைக் காட்டினாள்.

"இதுதான் நம்மளக் கூப்பிடுற மெசினு, அண்ணி. ஒண்ணு செத்தா மத்தது பேசும்."

"ரெண்டும் சேந்து செத்தா?"

"சாகாது. வேற வேற எடத்துல வச்சிருக்கு. மழைக்கு நம்ம தனுஷன் றுகையாக்கா வீட்டுக்குப் போறான்ல, அந்த மாதிரி."

விஜயகலா மகனைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இனிமே இவன் போக வேணாம். அங்க போனா படிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வட்டிலாப்பம் தின்னு தின்னு கன்னம் ஊதிப் போய் வாறான்."

"மெசினு ரெண்டு வீட்டுல இருக்கட்டும்" என்று சுரேந்திரன் சிரித்தான். "நம்ம புள்ளைங்க நம்ம வீட்டுல இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். சுதர்ஷினிக்குப் பெருமையாகவே இருந்தது. அடுத்த மழைக்கு தனுஷன் போகவில்லை. அதைப் பார்த்து மற்றக் காம்பரா வீட்டுக்காரர்களும் பிள்ளைகளை அனுப்புவதை மெல்ல நிறுத்தினார்கள்.

அவள் காட்டிய இரண்டும் கையால் தொடக்கூடிய இயந்திரங்கள் அல்ல. கொழும்பில் ஒரு டேட்டா சென்டரில் அலமாரி அலமாரியாக அடுக்கிய சர்வர்கள் இருந்தன. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் பல பொய்க் கணினிகள் ஓடும். ஒவ்வொன்றும் தனி இயந்திரம் போலவே நடந்துகொள்ளும். எந்தக் கணினியை எந்தச் சர்வரில் குடிவைப்பது என்பதை ஒரு நிரல் முடிவு செய்யும். கேட்ட அளவுக்கு இடம் இல்லாத சர்வர்களை அது முதலில் கழித்துவிடும். மிஞ்சியவற்றுக்கு மதிப்பெண் போடும். அந்த டேட்டா சென்டரில் ஏற்கெனவே நெருக்கமாக இருந்த சர்வருக்கே கூடிய மதிப்பெண். நெருக்கி அடைத்தால் மற்றச் சர்வர்களை அணைத்துவைத்து மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம். தோட்டத்தில் காம்பரா பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளையும் ஒரு லயம் நிறைந்த பிறகுதான் அடுத்த லயத்தின் பூட்டைத் திறப்பார்.

அந்த நிரலிடம் நிபந்தனை சொல்ல வழி உண்டு. சேவையைத் தொடங்கியபோது, இந்த இரண்டும் ஒரே சர்வரில் இருக்கக்கூடாது, கட்டாயம் என்று சுதர்ஷினி எழுதியிருந்தாள். முதல் கணினி உடனே ஓடியது. இரண்டாவது 'இடத்துக்காகக் காத்திருக்கிறது' என்று மஞ்சளாகவே நின்றது. நாட்கள் போயும் மஞ்சள்தான். மற்றச் சர்வர்களைப் பெரிய வாடிக்கையாளர்கள் பிடித்துவைத்திருந்தார்கள்.

மேலதிகாரி சமிந்த, சிங்களத்தில் தங்கை என்று அவளை 'நங்கி' என்பவன், அவள் மேசைக்கு வந்து திரையைப் பார்த்தான். "நங்கி, திங்கட்கிழமை தோட்டக் கம்பெனி ஆட்கள் வர்றாங்க. இந்த மஞ்சளை வச்சுக்கிட்டு நான் என்னத்தக் காட்டுறது?"

"எடமில்லையே, சமிந்த ஐயே."

"கட்டாயம்னு போட்டா எடமிருக்காது. 'முடிஞ்சா'ன்னு போடு. அதுவே ஒரு எடத்தப் பாத்துக்கும்."

ஒரு சொல்லை மாற்றினாள். சற்று நேரத்தில் இரண்டும் பச்சையாகின. முடிந்ததா, எங்கே போய் உட்கார்ந்தது என்று அவள் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்ததும் பழையபடி மாற்றிவிடலாம் என்று நினைத்தாள். கூட்டம் நல்லபடியாக முடிந்தது. வேறு வேலைகள் வந்தன. தீபாவளிக்கு அண்ணியிடம் 'வேற வேற எடத்துல' என்று சொன்னபோது, அது உண்மையா என்று தனக்கே தெரியாது என்பதுகூட அவள் நினைவில் இல்லை.

அந்த வருஷத்து மழை கொழும்பையும் விடவில்லை. டேட்டா சென்டரில் தண்ணீர் இறங்கி, ஒரே ஒரு சர்வர் எரிந்தது. சுதர்ஷினி அலுவலகத்தில் தன் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு பச்சை விளக்குகளும் ஒரே கணத்தில் சிவப்பாகின.

ஒன்று சிவந்து சற்றுப் பொறுத்து மற்றது சிவந்திருந்தால்கூட அவள் வேறு காரணம் தேடியிருப்பாள். ஒரே கணத்தில் என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டும் ஒரே சர்வரில்தான் இருந்திருக்கின்றன.

டேட்டா சென்டருக்குப் போன் போட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். மழைமானிகளின் கணக்கும் அதே கணினிகளுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. எந்தத் தோட்டத்தில் எவ்வளவு பெய்கிறது என்று இப்போது யாருக்கும் தெரியாது. அவள் அண்ணிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சுரேந்திரன் யாரையோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு இரத்தினபுரிக்குப் போயிருந்தான். கபூர் கடைக்குப் போட்டாள்; றுகையா எடுத்தாள்.

"றுகையாக்கா, போன் வேலை செய்யல. கீழ்கணக்குக்கு ஆள் அனுப்பி எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்க. இப்பவே."

"என்ன புள்ள சொல்றீங்க? காலையில நான் விஜயாவுக்குப் பேசினேனே. ஒரு புள்ளயயாவது இங்க அனுப்பி வைன்னேன். 'சுதாட போன் இன்னும் வரலக்கா, வந்தா ஓடி வந்திர்றோம்'ன்னா."

கபூர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு மழையில் ஓடினார். வளைவைத் தாண்டியபோது எதிரே ரோட்டைக் காணவில்லை. ரோட்டுக்குக் கீழே லயம் இருந்த இடத்தில் சிவந்த மண்ணும் வேரோடு சாய்ந்த ரப்பர் மரங்களும் கிடந்தன.

அவள் ஊர் போய்ச் சேர மறுநாள் ஆகிவிட்டது. புறப்படும் முன் கணினிகளைத் திரும்ப ஓடவைக்கும் வேலை அவள் கைக்கே வந்தது. 'முடிந்தால்' என்று கிடந்ததை அழித்துவிட்டு 'கட்டாயம்' என்று போட்டாள். ஒன்று பச்சையானது. மற்றது மஞ்சளாக நின்றது. சமிந்த பின்னால் நின்று பார்த்தான்.

பிழைத்தவர்களை மேல்கணக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருந்தார்கள். பாய்க்குப் பாய் ஒட்டிக் கிடந்தது. மண்டபத்துக்குப் பின்னால் மண்ணை வெட்டி நிறுத்திய உயரமான கரை. அதிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சுரேந்திரன் ஒரு மூலையில் மிதுஷாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விஜயகலாவையும் தனுஷனையும் சேர்த்தே மண்ணிலிருந்து சடலமாக எடுத்திருந்தார்கள். தாய் மகன் மேல் கவிழ்ந்து கிடந்தாளாம். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டுக் கிடந்த சின்னவள் மட்டும் உயிரோடு இருந்தாள். குழந்தை அழவில்லை. தகப்பனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சுதர்ஷினி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மண்டபத்தில் ஒரு போன் அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு பிழைத்துக் கிடந்த போன்கள் எல்லாம். சேவை திரும்பிவிட்டது என்று பார்க்க கொழும்பில் யாரோ சோதனை அழைப்பைத் தட்டிவிட்டிருந்தார்கள். மண்டபம் முழுக்க அவள் குரல் கேட்டது. 'வந்தவுடன் மேல்கணக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்.' பலர் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுரேந்திரன் தன் போனைத் துண்டிக்காமல் கடைசிச் சொல் வரை கேட்டான்.

"ரெண்டும் வேற வேற எடத்துலன்னியே, சுதா."

"ஒரே எடத்துல இருந்திருக்குண்ணே. முடிஞ்சா தனித்தனியா வையின்னு நான்தான் மாத்தினேன். முடியல. முடியலன்னு அது யாருக்கும் சொல்லாது."

அவன் அதை மெல்ல உள்வாங்கினான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இப்ப?"

"இப்ப ஒண்ணுதான் ஓடுது. ரெண்டாவதுக்கு இன்னும் எடம் கெடைக்கல."

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். வெளியே மழைச்சீலை இறக்கிவிட்ட த்ரீவீலில் மிதுஷாவை உட்காரவைத்து, துவாயால் சுற்றினான். சுதர்ஷினி பின்னாலேயே வந்தாள்.

"எங்கண்ணே?"

"றுகையாக்கா வீட்டுக்கு. விட்டுட்டு வாறேன்."

"நீங்களும் அங்கயே தங்குங்கண்ணே. இங்க ஏன் திரும்பி வாறீங்க? பின்னால கரையப் பாருங்க."

சுரேந்திரன் கரையைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். பிறகு தங்கச்சியின் முகத்தைப் பார்த்தான்.

"மிஞ்சினது ரெண்டு பேரு" என்றான். "ஒரே எடத்துலயா?"

த்ரீவீலை உதைத்துக் கிளப்பினான்.